பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிச் செவிலியர்: கேள்வி பதில்

கேள்வி: சிஸ்டர், எங்கள் பள்ளியில் முதலுதவி அறை ஒன்றே ஒன்று. முழங்கால் சிராய்த்த பிள்ளையும் காய்ச்சல்காரப் பிள்ளையும் அங்கேதான் வருகிறார்கள்.

பதில்: மற்ற எதையும்விட முதலில் இதைச் சரிசெய்யுங்கள். காய்ச்சல், இருமலுக்கு வேறு அறை வேண்டும். ஜன்னல் வெளிப்பக்கம் திறக்கட்டும். அறையே கிடைக்காவிட்டால், மூடிய அறையைவிடக் கூரை போட்ட திறந்த தாழ்வாரம் மேல். பிள்ளை உங்கள் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். வகுப்புக்கொரு முதலுதவிப் பெட்டி கொடுத்துவிட்டால் சிராய்ப்பெல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: வீசிங் வந்தால் நெபுலைசர் (மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சில் தரும் கருவி) வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நோயாளியின் மூச்சோடு வரும் நுண்துளிகளை அது அறை முழுக்கப் பரப்பக்கூடும். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரும், அதன் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குழலான ஸ்பேசரும் போதும். மருத்துவர் எழுதித் தந்த திட்டம் இருந்தால் அதன்படியே செய்யுங்கள். இல்லையென்றால், இன்ஹேலரைக் குலுக்கி ஒரு பஃப் (ஒரு அழுத்து) அடித்து, ஸ்பேசர் வழியே 4 மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். இப்படி ஒவ்வொன்றாக 4 பஃப். 4 நிமிடம் பொறுத்தும் தணியாவிட்டால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ பேச்சு வராவிட்டாலோ 4 நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

நான்கு பஃபையும் ஒரேயடியாக ஸ்பேசருக்குள் அடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நுரையீரலுக்குப் போகும் மருந்து குறைந்துவிடும். ஸ்பேசர் ஆளுக்கொன்று. சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாக உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: வெயிலில் நடந்து வரும் பிள்ளைகளுக்கெல்லாம் வாசல் தெர்மாமீட்டர் 38 டிகிரி காட்டுகிறதே?

பதில்: அது நெற்றித் தோலின் சூடு. வியர்வையைத் துடைத்து, 10 நிமிடம் நிழலில் உட்காரவைத்து மறுபடி பாருங்கள். கருவியும் நிழலில் இருக்கட்டும். ஆனால் இந்தச் சோதனையை நம்பி இருந்துவிடாதீர்கள். கோவிட்டில் அறிகுறியே இல்லாமல் பரப்பியவர்கள் உண்டு. பாராசிட்டமால் கொடுத்தனுப்பினாலும் காய்ச்சல் தெரியாது. வகுப்பு ஜன்னல்கள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு சுற்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

கேள்வி: கிருமி போக அறையைத் துடைக்க பிளீச் எவ்வளவு கலப்பது?

பதில்: 5 சதவீத திரவ பிளீச் 20 மி.லி., தண்ணீர் 980 மி.லி. அன்றன்றைக்குக் கலக்குங்கள். முதலில் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். அழுக்கு இருந்தால் குளோரின் வீரியம் இழக்கும். கழிப்பறை ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

கேள்வி: தொற்று வந்த பிள்ளையின் பெயரைக் கேட்டுப் பெற்றோர் இரவெல்லாம் போன் செய்கிறார்கள். தூக்கமே போய்விட்டது, சிஸ்டர்.

பதில்: பெயரைச் சொல்லாதீர்கள். எந்த நாளில் தொடர்பு, எந்த அறிகுறியை எத்தனை நாள் கவனிப்பது, இது போதும். ஒரு பெயர் கசிந்தால் அடுத்த வீடு அறிகுறியை மறைக்கும். பிறகு உங்களுக்குத் தகவலே வராது. பதில் வாசகத்தைத் தலைமையாசிரியரின் கையெழுத்தோடு எழுதிவையுங்கள். சொந்த எண்ணைக் கொடுக்காமல், பள்ளி எண்ணில் நேரம் குறித்து இருவர் மாறி மாறிப் பேசுங்கள். இன்ஹேலரும் இன்சுலினும் கொடுக்கத் தெரிந்த மாற்றாள் ஒருவரை இப்போதே பழக்குங்கள். நீங்களே தனிமைப்பட நேர்ந்தால் அன்றைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு மருந்து வேண்டுமே.