பூனைக்கு இன்சுலினைக் கூட்டணுமா? மொதல்ல கிண்ணத்தைப் பாருங்க

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்க பூனைக்கு 8 வயசு, 6 கிலோ. சுகர்னு சொல்லி மூணு வாரமா காலையிலயும் ராத்திரியும் 2 யூனிட் இன்சுலின் போடுறோம். நேத்து ஆஸ்பத்திரில பாத்தா 340. தண்ணி குடிக்கறது குறையல, பின்னங்கால் கணுக்கால் தரையில படுற மாதிரி நடக்குது. 3 யூனிட் ஆக்கிடலாமா? தீனி, விலை கூடுன கிரெய்ன் ஃப்ரீ டிரை ஃபுட்தான், கிண்ணத்துல எப்பவும் இருக்கும். ரொம்ப பயமா இருக்கு.

பதில்: தம்பி, அந்த ஒரு நம்பரை வச்சு 3 ஆக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு வந்த பயத்துலயே பூனைக்கு சுகர் 300ஐத் தாண்டிடும், ஆனா தண்ணி குடிக்கறது குறையலைன்னா கட்டுக்குள்ள வரலைங்கறதும் நிஜம். வீட்டுல காது ஓரத்துல குத்தி, ஒரு ஊசியிலருந்து அடுத்த ஊசி வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்து எழுதுங்க, அதைப் பாத்துதான் உங்க டாக்டர் ஏத்தறதா இறக்கறதான்னு சொல்ல முடியும். புட்டியில யூ-40ஆ யூ-100ஆன்னும் பாருங்க, அதாவது ஒரு மில்லியில 40 யூனிட்டா 100 யூனிட்டான்னு; சிரிஞ்சும் அதுக்கேத்ததா இருக்கணும். யூ-40 மருந்தை யூ-100 சிரிஞ்சுல 2 கோடு இழுத்தா உள்ள போறது 0.8 யூனிட்தான், அதுவே தலைகீழா இருந்தா 5 யூனிட் போயிடும், உயிருக்கே ஆபத்து.

நீங்க தீனியைத்தான் மொதல்ல கேட்டிருக்கணும். பூனை கறி தின்னே வாழற ஜீவன், மாவுச்சத்தை நிறைய சமாளிக்கிற உடம்பு அதுக்குக் கிடையாது. கிரெய்ன் ஃப்ரீன்னா தானியம் இல்ல, அவ்வளவுதான், அந்த இடத்துல உருளைக்கிழங்கும் பட்டாணியும் உக்காந்திருக்கும். பாக்கெட்ல கார்போ எவ்வளவுன்னு பெரும்பாலும் போடவே மாட்டாங்க, நாமதான் கழிச்சுப் பாக்கணும்: புரோட்டீன் 34, கொழுப்பு 14, நார் 4, ஈரம் 10, சாம்பல் (தாது உப்புங்க) 7 சதவீதம்னா கூட்டினா 69, நூறுல மிச்சம் 31 அத்தனையும் கார்போ. சுகர் இருக்கற பூனைக்கு கார்போ, மொத்தக் கலோரியில 12 சதவீதத்துக்குள்ள இருக்கணும்! விக்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க, சுகர்னு வாயைத் திறந்தா ஒரு மூலிகைப் பவுடரையும் சேத்துத் தலையில கட்டுவாங்க, அது இன்சுலினுக்கு ஈடே ஆகாது, அந்தக் காசுக்கு டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்குங்க. கார்போ கம்மியான வெட் ஃபுட், கிரேவி இல்லாததா பாத்து வாங்கி அளந்து வைங்க. ஆரம்பத்துலயே இன்சுலினும் தீனியும் சரியா அமைஞ்ச நிறைய பூனைங்களுக்கு சில மாசத்துல ஊசியே தேவைப்படாமப் போயிருக்கு, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

ஆனா நாளைக்கே கிண்ணத்தை மாத்திட்டு அதே 2 யூனிட்டைப் போட்டுடாதீங்க. கார்போ குறைஞ்சா இன்சுலின் தேவையும் சில நாள்லயே சடார்னு இறங்கும். டாக்டர்கிட்ட சொல்லிட்டு, 7லருந்து 10 நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க, தினமும் சுகர் பாருங்க. தள்ளாடினாலோ 60க்குக் கீழ போனாலோ ஈறுல தேன் தடவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. சாப்பிடலைன்னா முழு டோஸ் போடாம போன் பண்ணிக் கேளுங்க, எடை குறையட்டும்னு பட்டினி மட்டும் போடாதீங்க, ரெண்டு மூணு நாள் சாப்பிடலைன்னாலே ஈரல்ல கொழுப்பு ஏறிடும்.

பின்னங்கால் சுகரால வந்த நரம்பு பாதிப்பா இருக்கலாம், சுகர் கட்டுக்கு வந்தா பெரும்பாலும் மாசக்கணக்குல மெதுவா தேறும். முன்னாடி அரிப்புக்கு, அதுக்கு இதுக்குன்னு ஸ்டீராய்டு ஊசி எதாச்சும் போட்டிருந்தா அதையும் மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதாலயும் சுகர் ஏறும்.