செம்மஞ்சள் சட்டை நாளும் பொப்பி மலரும்

அன்புள்ள தம்பிக்கு,

செப்ரெம்பர் 30ஆம் திகதி பிள்ளைகளைச் செம்மஞ்சள் சட்டையுடன் அனுப்பும்படி மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்ததாக எழுதியிருந்தீர்கள். ரொறன்ரோவுக்கு வந்து ஒரு மாதமே ஆன நிலையில், அது என்ன கொண்டாட்டம், அன்று வேலைக்கு விடுமுறை உண்டா, ஆசிரியருக்கு வாழ்த்து மடல் கொடுத்தனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

அது கொண்டாட்டம் அன்று. எனவே வாழ்த்து மடல் வேண்டாம். இந்த நாட்டின் பூர்வகுடிப் பிள்ளைகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்கப்பட்டு வதிவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். பலர் வீடு திரும்பவேயில்லை. 1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்னும் ஆறு வயதுச் சிறுமி, பாட்டி வாங்கிக் கொடுத்த புதிய செம்மஞ்சள் சட்டையை அணிந்துகொண்டு ஆசையோடு அத்தகைய பள்ளிக்குப் போனபோது, முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அது அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தச் சட்டையின் நினைவாக 2013இல் தொடங்கிய நாளையே, 2021 முதல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாகக் கூட்டாட்சி அரசும் கடைப்பிடிக்கிறது. மொழிக்காக அடிவாங்கிய பிள்ளைகளின் கதையைத் தமிழ்ப் பெற்றோராகிய நாம் நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டில் இருக்கும் சாதாரணச் செம்மஞ்சள் சட்டையே போதும். ஆனால் காலையில் அதைப் போட்டுவிடுவதற்கு முன், முதல் நாள் இரவே இந்தக் கதையை மகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

விடுமுறையைப் பொறுத்தவரை, வங்கி, அஞ்சல் போன்ற கூட்டாட்சிச் சட்டத்துக்கு உட்பட்ட துறைகளுக்கு அன்று விடுமுறை. ஒன்ராறியோ மாகாணச் சட்டத்திலுள்ள ஒன்பது பொது விடுமுறைகளில் அது இல்லை. ஆகவே உங்கள் தொழிற்சாலை இயங்கக்கூடும், மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 1867இல் கனடா என்னும் கூட்டமைப்பு உருவானதைக் குறிக்கும் யூலை 1, விக்ரோறியா மகாராணியின் பிறந்தநாளுக்காக வரும் மே மாதத் திங்கட்கிழமை ஆகியவை அந்த ஒன்பதில் அடங்கும். அந்த நாள்களில் தாராளமாக வாழ்த்துச் சொல்லலாம், வாணவேடிக்கைக்குப் பிள்ளையையும் கூட்டிச் செல்லலாம்.

நவம்பர் 11 அப்படிப்பட்டதன்று. 1918இல் முதலாம் உலகப் போர் ஓய்ந்த அந்த நாளில், போர்களில் உயிர்நீத்த படைவீரர்களை நினைவுகூர்கிறார்கள். நான் வந்த முதலாண்டில், கடை வாசலில் பதக்கங்கள் அணிந்து, அந்த நினைவின் சின்னமான பொப்பிப் பூக்கள் வைத்த பெட்டியுடன் நின்ற முதியவர் ஒருவரிடம், நல்ல நாள் என்று எண்ணிக் கைகூப்பி வாழ்த்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சிவப்புப் பொப்பியைத் தம் நடுங்கும் விரல்களால் என் இடப்பக்கச் சட்டையில் குத்திவிட்டு, அன்று பதினொரு மணிக்குச் சற்று நேரம் பேசாமல் நின்றால் போதும் என்றார். அதன் பிறகு ஒரு வருடமும் நான் அந்த இரண்டு நிமிட மௌனத்தைத் தவறவிட்டதில்லை. அன்றும் ஒன்ராறியோவில் பள்ளி நடக்கும். மகளின் வகுப்பும் எழுந்து நிற்கும்.

வாழ்த்து மடலை யனவரிக்கு எடுத்து வையுங்கள். கனடிய நாடாளுமன்றம் 2016இல் அந்த மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. பொங்கல் எதற்காக என்று ஆசிரியர் கேட்டால், சூரியனுக்கும் உழவருக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லும் நாள் என்பதை மகளே எழுந்து நின்று சொல்லட்டும்.