பெட்டி கட்டுமுன்: இலங்கைக்கு எந்த மாதம், எந்தக் கரை?

மார்ச் பிறந்ததும் எனக்கு வரும் கடிதங்களில் இலங்கை முந்திக்கொள்கிறது. சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பு. போகிற இடங்களில் பாதியில் தமிழே பேசிச் சமாளிக்கலாம். மதுரையில் இருபத்திரண்டு வருடம் சுற்றுலா டிக்கெட் மேசையில் உட்கார்ந்திருந்தவள் என்பதால் என்னைக் கேட்கிறீர்கள். தெரிந்ததில் பாதி தப்புச் செய்து கற்றது. இந்த முறை இலங்கைக் கடிதங்கள் மட்டும்.

சேலம் வாசகி: அக்கா, மே இரண்டாவது வாரம் எட்டு நாள் இலங்கை போகிறோம். நான், கணவர், 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 71 வயது மாமியார். கொழும்பு, பென்தோட்டை, காலி, கண்டி, நுவரெலியா, எல்ல, திருகோணமலை, யாழ்ப்பாணம் எல்லாம் பார்த்துவிட ஆசை. பென்தோட்டையில் ஒரு கடற்கரை ஹோட்டல் பாதி விலைக்குத் தருகிறது. முன்பணம் கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள். அந்தப் பாதி விலையிடம் நான் ஏற்கெனவே மாட்டியிருக்கிறேன்.

2011 மே மாதம் இதே சபலத்தில் மதுரையிலிருந்து பதினான்கு பேரைத் தென்மேற்குக் கரையில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். ஐந்து நாளும் மணலில் சிவப்புக் கொடி. கால் நனைக்கப் போனாலே விசில் ஊதினார்கள். மழை விடும், துணியை மாற்றுவோம், மறுபடி பிடித்துக்கொள்ளும். குழுவில் இருந்த ஒரு பாட்டி மூன்றாம் நாள் பால்கனியில் உட்கார்ந்தபடி, "அலையைப் பார்க்க ராமேஸ்வரம் போதாதா? இதுக்கு எதுக்குடி பாஸ்போர்ட்டு?" என்றார். ஹோட்டல்காரர் எங்களை ஏமாற்றவில்லை. மே மாதம் அந்தக் கடல் அப்படித்தான். விலை ஏன் பாதி என்று கேட்காமல் போனது என் தப்பு. அதே ஐந்து நாளும் திருகோணமலையில் சுள்ளென்று வெயில் அடித்ததைத் திரும்பி வந்த பிறகு ஒரு வேன் டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

விஷயம் இவ்வளவுதான். நமக்குக் கேரளத்தில் கொட்டுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்கு, தென்மேற்குக் கரைகளில் மோதுகிறது. மே நடுவிலேயே கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். 2016, 2017 இரண்டு வருடமும் அந்தப் பக்கத்து மாவட்டங்களில் பெரிய வெள்ளமும் மண்சரிவும் வந்தது மே மாதத்தில்தான். காற்று மலைநாட்டில் ஏறி மழையைக் கொட்டிவிட்டு அந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்துபோய்விடுகிறது. கிழக்கே இருப்பவர்கள் அதைக் கச்சான் காற்று என்பார்கள்; வீசினால் உதடு வெடிக்கும். அதனால் மே முதல் செப்டம்பர் வரை கடலில் இறங்க வேண்டுமானால் கிழக்குக் கரை: திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்குடா. டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கும் தென்மேற்கும்: பென்தோட்டை, காலி, மிரிஸ்ஸ. ஒரே தீவு, இரண்டு சீசன். "இலங்கையில் பீக் சீசன் எப்போது?" என்று கேட்டால், "எந்தக் கரையில்?" என்று திருப்பிக் கேட்பவரிடம் மட்டும் டிக்கெட் போடுங்கள்.

இப்போது உங்கள் பட்டியல். எட்டு ஊர், எட்டு நாள். பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கப்போவது வேன் சீட்டின் பின்பக்கம்தான். வரைபடத்தில் இலங்கை சின்னதாகத் தெரியும். சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டர்கூட இல்லை, இரண்டரை மணி நேரம் வளைந்து வளைந்து ஏறும். பென்தோட்டை, காலி, எல்ல, நுவரெலியா, யாழ்ப்பாணம் ஐந்தையும் அடித்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தை அடிக்க மனசு வராது, தெரியும். அதற்குத் தனியாக ஐந்து நாள் வைத்து இன்னொரு முறை போங்கள். சென்னையிலிருந்து நேராக யாழ்ப்பாணத்துப் பலாலிக்கே விமானம் இருக்கிறது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிக் கொழும்புக்குள் நுழையாமல் நேரே தம்புள்ளை, நாலு மணி நேரம். அங்கே இரண்டு இரவு. அப்புறம் திருகோணமலையில் மூன்று இரவு, கண்டியில் இரண்டு இரவு, கடைசி நாள் கண்டியிலிருந்து விமான நிலையம். கண்டியில் மழை பெய்யலாம். அங்கே பார்ப்பது புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையும் பேராதனைப் பூங்காவும்; குடை பிடித்துக்கொண்டு பார்த்தால் ஒன்றும் குறையாது. கடலுக்கு மட்டும்தான் குடை உதவாது.

தம்புள்ளைக்குப் பக்கத்தில் சிகிரியாப் பாறைக் கோட்டை, 1,200 படி. காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள், பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். மாமியாரை ஏற்றாதீர்கள், "பாதி வரைக்கும் வரேன்" என்பார், பாதியில் நிற்பவரை விட்டுவிட்டு மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. அவருடைய நாள் திருகோணமலையில். கோணேஸ்வரம் சிவன் கோவிலுக்குக் கோட்டை வழியாகப் பாறை உச்சி வரை ஓட்டோ போகும். கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடு மாதிரி திரியும், பிள்ளைகளை அவையே பார்த்துக்கொள்ளும். கடலுக்குள் போகும் ஆசை இருந்தால் நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவு. பவளப்பாறை மீன்களைத் தண்ணீரில் முகம் புதைத்துப் பார்க்கலாம். பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள், அது தேசியப் பூங்கா. வெயில் கடுமை என்பதால் கடல் காலை பத்துக்குள், மறுபடி நாலுக்கு மேல்.

தேதியை உறுதி செய்யும் முன் மே மாதப் பௌர்ணமி எந்தத் தேதி என்று பாருங்கள். அது வெசாக். ஊரெங்கும் காகிதக் கூடு விளக்கு, தெருவோரப் பந்தல்களில் இலவசச் சாப்பாடு. தன்சல் என்று பெயர். நிறுத்தி வண்டியிலிருந்து இறக்கியே கொடுப்பார்கள். பார்க்க அருமை. ஆனால் அன்று மாலை கண்டிக்குள் வேன் நுழைய நினைத்தால் விடிந்துவிடும். அந்த நாளில் திருகோணமலையில் இருப்பது மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

லண்டன் வாசகர்: வணக்கம் அக்கா. ஆகஸ்ட்டில் மகளுக்கும் 15 வயது மகனுக்கும் விடுமுறை. இந்த முறை நல்லூர்த் தேர் பார்த்தே ஆகவேணும் என்று அம்மா நிற்கிறா. மகளுக்குக் கண்டிப் பெரஹரா பார்க்க விருப்பம். இரண்டு கிழமைதான் லீவு கிடைக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஏலுமா? ரிக்கெட் இப்பவே விலை ஏறுது.

ஏலும், ஆனால் மயிரிழையில். இரண்டையும் நிலவு ஓட்டுகிறது. கண்டியில் யானைகளோடு போகும் ஊர்வலத் திருவிழாதான் பெரஹரா; அதன் பெரிய இரவுகள் பௌர்ணமியை ஒட்டி முடியும். யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோவிலில் இருபத்தைந்து நாள் திருவிழா. தேர் இருபத்து நாலாம் நாள், மறுநாள் தீர்த்தம் அமாவாசையை ஒட்டி வரும். கண்டியின் கடைசி இரவுக்கும் நல்லூர்த் தேருக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு வாரம். நீங்கள் பெரஹராவின் கடைசி இரவுக்குப் போய் இறங்கி, தேர் முடிந்த மறுநாள் ஏறினால் உங்கள் இரண்டு கிழமை சரியாக இருக்கும். ஒரு நாள் தள்ளினாலும் ஒன்று கைவிட்டுப் போகும்.

பெரிய சிக்கல் அதுவல்ல. பள்ளி விடுமுறை ஆங்கிலத் தேதியில் வருகிறது, தேர் பஞ்சாங்கத்தில் வருகிறது. 2023-ல் தேர் செப்டம்பர் 13. 2024-ல் செப்டம்பர் 1. 2025-ல் ஆகஸ்ட் 21. செப்டம்பரில் தேர் விழுகிற வருடம் உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் நேரமாகிவிடும். அப்படி ஒரு வருடத்தில் மாட்டினால் கொடியேற்றத்துக்குப் போகும்படி திட்டமிடுங்கள். ஆடி அமாவாசை கழித்து ஆறாம் நாள் கொடியேறும். "தேர் இல்லாமல் என்ன நல்லூர்" என்று அம்மா முகம் சுளிப்பார். கூட்டம் குறைந்த அந்த நாட்களில் முருகனை நின்று பார்க்க முடிவதை நேரில் கண்டால் தணிந்துவிடுவார் என்பது என் கணிப்பு. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய் என்பதைப் பேரப்பிள்ளைகளிடம் அவரே பெருமையாகச் சொல்லட்டும்.

தேர்நாள் என்றால் விடியும் முன் வீதியில் இருங்கள். நல்லூரில் மணி அடித்தால் அடித்ததுதான், யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். சுற்றியுள்ள வீதிகளை வண்டிகளுக்கு அடைத்துவிடுவார்கள், அம்மா எவ்வளவு தூரம் நடப்பார் என்பதைக் கணக்கு வைத்து அறை எடுங்கள். உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை: உள்ளே ஆண்கள் மேற்சட்டை போடக்கூடாது. பதினைந்து வயதுக்காரன் வாசலில் வைத்து முதல்முறையாகக் கேள்விப்பட்டால் முறுக்குவான்.

கண்டியில் சாலையோர நாற்காலியைக் காசுக்கு விற்பார்கள், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் விலை கூடும். மத்தியானமே போய் நடைபாதையில் பாய் விரித்தால் இலவசம். பத்து மணியானதும் எழுந்துவிடாதீர்கள். ஊர்வலத்தின் கோவில் வரிசைகளில் கடைசியாக வருவது பத்தினி கோவிலுடையது. பத்தினி என்பது நம் கண்ணகி. மதுரையில் பிறந்தவள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் சொல்கிறேன்: ஊரை எரித்துவிட்டுப் போனவளை அங்கே யானை முன்னே போக அழைத்து வருகிறார்கள்.

ஈரோடு வாசகர்: ஏப்ரல் 12 முதல் 15 வரை நுவரெலியாவில் அறை தேடுகிறேன். விலை மூன்று மடங்கு சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? மலைநாட்டு ரயிலில் இடம் பிடிப்பது எப்படி?

இல்லை. நமக்குச் சித்திரை ஒன்று என்றால் அவர்களுக்கும் அதே நாளில் புத்தாண்டு. கொழும்பில் பாதிப் பேர் சொந்த ஊருக்கும், மீதிப் பேர் நுவரெலியாவுக்கும் கிளம்புவார்கள். குதிரைப் பந்தயம், கார் பந்தயம், மலர்க் கண்காட்சி எல்லாம் அந்த மாதம்தான். கீழே கடைகள் மூடிக் கிடக்கும், பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. ஒரு வாரம் தள்ளிப் போங்கள். தேதியை மாற்ற முடியாது என்றால் பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் பாருங்கள்; நுவரெலியா அளவுக்குக் குளிராது, தேயிலை அதே பச்சை.

மலைநாட்டு ரயிலையும் கேட்டிருந்தீர்கள். முன்பதிவு முப்பது நாள் முன்பு திறந்ததும் காலியாகிவிடும், அலாரம் வைத்து உட்காருங்கள். 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் அந்தப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. நீங்கள் போகும் பகுதியில் ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டு அறைக்குப் பணம் கட்டுங்கள்.

கும்பகோணம் வாசகி: நாங்கள் சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. அங்கே சமாளிக்கலாமா?

வடக்கில் கவலையே இல்லை. "சைவக் கடை" என்று பலகை பார்த்து நுழையுங்கள்: இடியப்பம், சொதி, பிட்டு. மரக்கறி என்றால் பதறாதீர்கள், அங்கே அது காய்கறி.

தெற்கே போனால் ஒரு கண்ணி இருக்கிறது, அதன் பெயர் மாசி. கருவாடாக்கிய சூரை மீனை இடித்துத் தூளாக்கித் தேங்காய்ச் சம்பலிலும், பருப்பிலும், கீரையிலும்கூடப் போடுவார்கள். "மீன் இருக்கா?" என்றால் மனசாரச் சொல்வார்கள், இல்லையென்று. அவர்களுக்கு அது மசாலா. என் மாமனார் ஒருமுறை மூன்று நாள் அந்தச் சம்பலை ருசித்துத் தின்று, நாலாம் நாள் செய்முறையும் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டாவது வரியில் பேனா நின்றுவிட்டது. சிங்களத்தில் மாசிக்கு உம்பலகட என்று பெயர். "உம்பலகட எப்பா" என்று மனப்பாடம் செய்யுங்கள். எப்பா என்றால் வேண்டாம். கொத்து ரொட்டி கடைப் பக்கம் போகாதீர்கள். கோழிக்கும் காய்க்கும் கல் ஒன்றே, தகடும் ஒன்றே.

திருச்சி வாசகர்: ஆன்லைனில் பணம் திரும்பாத அறை மலிவாக இருக்கிறது. வேன் வாடகையும் மொத்தமாகப் பேசிவிட்டேன். வேறு என்ன கேட்க வேண்டும்?

மழைக்காலத்தில் பணம் திரும்பாத அறை வேண்டாம், அவ்வளவுதான். வேன்காரரிடம் நாலு கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் என்ன விலை, ஹைவே கட்டணம் யாருடையது, டிரைவர் இரவில் எங்கே படுப்பார். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பல ஹோட்டல்களில் டிரைவருக்கு அறை உண்டு, சீசனில் அதுவும் நிரம்பிவிடும். வேனிலேயே கொசுக்கடியில் படுத்தவர் மறுநாள் காலை உங்கள் குழந்தைகளை மலைப்பாதையில் ஓட்டிப் போவார். அறை போடும்போதே அவருக்கும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். விசா விதி சில வருடங்களாக மாறிக்கொண்டே இருப்பதால், அரசாங்கத் தளத்தைக் கிளம்பும் வாரம் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.