ஐகோர்ட்டும் தூக்கை உறுதி செய்துவிட்டது, இனி வழி உண்டா?

கேள்வி: கொலை வழக்கில் என் தம்பிக்குத் தருமபுரி செசன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை கொடுத்தது. போன மாதம் ஐகோர்ட்டும் அதை உறுதி செய்துவிட்டது. சேலம் ஜெயிலில் இருக்கிறான். டெல்லிக்குப் போக எங்களுக்கு வசதியில்லை. இனி அவ்வளவுதானா?
- ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: இல்லை அம்மா, வழி இருக்கிறது. ஆனால் நாள் குறைவு. தூக்குத் தண்டனை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டில் சிறப்பு அனுமதி மனு (அப்பீலை எடுத்துக்கொள்ளும்படி அனுமதி கேட்கும் மனு) போட, தீர்ப்பு வந்த நாளிலிருந்து 60 நாள்தான். 90 நாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது மற்ற வழக்குகளுக்கு. பணத்துக்காகத் தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். தருமபுரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நாளைக்கே போங்கள். ஐகோர்ட் தீர்ப்பின் நகலையும் தம்பிக்கு இலவசமாகத் தந்தாக வேண்டும்.

சரி, சுப்ரீம் கோர்ட் எதைப் பார்க்கும்? 1980-ல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் தூக்குத் தண்டனை செல்லும் என்றார்கள். ஆனால் ‘அரிதினும் அரிதான’ வழக்கில் மட்டும்தான் என்று கட்டுப்படுத்தினார்கள். குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியையும் பார்க்க வேண்டும். அவர் திருந்தவே மாட்டார் என்று அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும். உங்கள் தம்பிக்கு உயிர்நாடி இதுதான்.

நம் ஊர் வழக்கையே பாருங்கள். 2000 பிப்ரவரி 2-ல் இலக்கியம்பட்டியில் பஸ்ஸை எரித்ததில் மூன்று மாணவிகள் இறந்தார்கள். இதை எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது. அந்தப் பெற்றோரின் வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டே உறுதி செய்தது. தீர்ப்பை அதே கோர்ட் மறுபடி பார்க்கும்படி கேட்கும் சீராய்வு மனுவும் தள்ளுபடியானது. அப்புறம் 2014-ல், தூக்கு வழக்குகளின் சீராய்வை மூன்று நீதிபதிகள் திறந்த கோர்ட்டில் வாதம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று முகமது ஆரிஃப் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதனால் இந்த மனு மறுபடி விசாரணைக்கு வந்தது. கும்பல் வெறியில் நடந்தது, திட்டமிட்ட கொலை அல்ல என்று கருதி 2016-ல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். அதே கோர்ட், அதே குற்றம். பொறுமையாகக் கேட்டதில் மூன்று உயிர் தப்பியது.

அதனால் தம்பியின் வாழ்க்கையைக் காகிதத்தில் திரட்டுங்கள். பள்ளிச் சான்றிதழ், மனநல சிகிச்சை எடுத்திருந்தால் அந்தச் சீட்டுகள், குடும்பக் கஷ்டத்துக்கான ஆதாரம், ஜெயிலில் அவன் நடத்தை, படிப்பு. இதையெல்லாம் கோர்ட் கேட்டு வாங்க வேண்டும் என்று 2022-ல் மனோஜ் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனாலும் கோர்ட் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். சட்ட உதவி விண்ணப்பத்தில் அவன் கையெழுத்தும் வேண்டும். அடுத்த முறை ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போகும்போதே வாங்கிவிடுங்கள்.