கம்பஸில் யாரிடம் போய்க் கேட்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மகனுக்குப் பல்கலைக்கழகம் போக வெட்டுப்புள்ளி போதாமல் போய்விட்டது. தொழில்நுட்பக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொன்னால், "அங்கே போனால் பட்டமே எடுக்க ஏலாது" என்கிறான். (தாய், மூதூர்)

பதில்: தம்பி நினைப்பது பிழை, அம்மா. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். 5 அல்லது 6ஐ முடித்தவர்கள் அதே துறையில் இரத்மலானை யூனிவொடெக் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பாதை கொஞ்சம் நீளம்தான். ஆனால் இடையில் எந்த மட்டத்தில் நின்றாலும் கையில் ஒரு தகைமை இருக்கும்.

தனியார் நிறுவனத்தில் சேர்ப்பதென்றால் காசு கட்டுமுன் இரண்டைக் கேளுங்கள்: நிறுவனம் பதிவானதா, மகன் படிக்கப்போகும் பாடநெறிக்கு என்.வி.கியூ. கிடைக்குமா? பலர் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் முதலாம் ஆண்டு. விரிவுரை முழுக்க ஆங்கிலம். பாதி விளங்கவில்லை, சேரிடம் சொல்லவும் பயம். (மாணவி, தம்பலகாமம்)

பதில்: தமிழில் உயர்தரம் எழுதி வந்த பலருக்கும் இதே கதைதான், தங்கச்சி. உங்கள் வகுப்பிலேயே தலையாட்டிக்கொண்டு இருப்பவர்களில் எத்தனை பேருக்கு விளங்குகிறது என்று நினைக்கிறீர்கள்?

"ஒன்றும் விளங்கவில்லை" என்று போய் நின்றால் எந்த விரிவுரையாளராலும் உதவ முடியாது. அன்றைய ஸ்லைட்டை எடுங்கள், தடுக்கிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள், "சேர், இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?" என்று கேளுங்கள். தமிழில் கேட்டாலும் குறையில்லை. ஆங்கில வகுப்பைக் கட் பண்ணாதீர்கள். நூலகத்தில் பழைய வினாத்தாள்களைத் தேடிப் பாருங்கள். ஒரு பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் அவ்வளவு அதிகமில்லை. மனம் சோர்ந்தால் மாணவ ஆலோசகரிடம் போங்கள். அவரிடம் போவது ஒழுக்காற்று விசாரணை அல்ல.

கேள்வி: சீனியர்கள் தொந்தரவு. சொன்னால் இன்னும் கூடுமோ? (பெயர் வேண்டாம்)

பதில்: பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். திகதியையும் இடத்தையும் எழுதி வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒரு விரிவுரையாளரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். வீட்டுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: தொழில் வழிகாட்டல் பிரிவு கடைசி வருடத்துக்குத்தானே? (முகாமைத்துவ மாணவர், உப்புவெளி)

பதில்: அப்படி நினைத்துத்தான் எல்லாரும் கடைசி வருடத்தில் வரிசை கட்டுகிறார்கள். இரண்டாம் ஆண்டிலேயே போங்கள். நான் பார்க்கும் சுயவிபரக் கோவைகளில் தகப்பன் பெயர், சமயம், பாடசாலைப் பதக்கம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கும். செய்த வேலை பற்றி ஒரு வரிகூட இராது. அந்த வரியைச் சம்பாதிக்கத்தான் நேரம் வேண்டும்.

திருகோணமலையில் இருக்கும் நமக்கு வாய்ப்பு பக்கத்திலேயே இருக்கிறது. துறைமுகம், சீனன்குடா பிரீமா மாவாலை, டோக்கியோ சீமெந்து எல்லாம் கணக்கும் களஞ்சியமும் ஓடும் இடங்கள். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி ஹோட்டல்களுக்கு சீசன். விடுமுறையில் அங்கே வரவேற்பு மேசையில் இரண்டு மாதம் நின்றால், நேர்முகத்தில் சொல்ல உங்களிடம் ஒரு சங்கதி இருக்கும். கடிதம் கேட்டால் வழிகாட்டல் பிரிவு தரும். சீசன் தொடங்குமுன், மார்ச்சிலேயே கேளுங்கள்.