வயதான பேஸ்பால் அணியின் கோப்பைக் காலம் முடிகிறதென்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். ஆனால் வெற்றிக் கணக்கைப் பார்த்தால் தெரியாது, ஏமாந்துபோவோம்.

பிலடெல்பியா ஃபிலீஸ் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை வென்றது. 2007 முதல் 2011 வரை தொடர்ந்து ஐந்து முறை தன் பிரிவில் முதலிடம். 2011-இல் 102 வெற்றிகள், அதன் வரலாற்றிலேயே அதிகம். அடுத்த ஆண்டே 81 வெற்றி, 81 தோல்வி. அதன்பின் 2022 வரை பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்கான சுற்றுகள்) பக்கமே வரவில்லை.

அறிகுறி ரன்களில் இருந்தது. 2007-இல் 892 ரன் அடித்தவர்கள், 2011-இல் 713தான். ஹாலடே, கிளிஃப் லீ, ஹேமல்ஸ் என்ற அபாரமான பந்துவீச்சு அந்தச் சரிவை மறைத்துவிட்டது. அணியின் முக்கிய அடிப்பாளர்களில் அட்லியை முழங்கால்கள் ஏற்கெனவே படுத்தின. இன்னொரு முக்கிய அடிப்பாளரான ரயன் ஹோவர்டுக்கு 2010-லேயே 12.5 கோடி டாலர் ஒப்பந்தம். அது 2012-இல்தான், அவருடைய 32 வயதில், தொடங்கவிருந்தது. 2011 பிளேஆஃபில் கார்டினல்ஸ் அணியிடம் 1-0 என்று தோற்ற ஆட்டத்தின் கடைசிப் பந்தில் அவர் குதிகால் தசைநார் அறுந்தது. பார்க்கவே வேதனையாக இருந்த காட்சி அது.

காயத்தை யாராலும் கணிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் என் கருத்தில், பழைய சாதனைக்கு நன்றிக்கடனாக நீண்ட ஒப்பந்தம் கொடுப்பதுதான் மிகத் தெளிவான எச்சரிக்கை. உங்கள் அணியில் முதலில் அதைத் தேடுங்கள். பிறகு மூன்று, நான்கு ஆண்டு ரன் கணக்கை வரிசையாக வைத்துப் பாருங்கள்.