ஜெர்மனில எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர்: சனி ஞாயிறு என்ன பண்றது? கேளுங்க, சொல்றேன்

ட்ரெஸ்டனுக்கு ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சா வந்தேன், அப்புறம் மாஸ்டர்ஸும் இங்கயே சேந்து இப்ப நாலாவது வருஷம். வீக்கெண்ட், ஃப்ரெண்ட்ஸ், ஊர் சுத்துறது பத்தி என்ன வேணா கேளுங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட் கிடையாது. பால், காய், அரிசி எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வெச்சிடுங்க.

கேள்வி: அக்கா, வந்து மூணு வாரம் ஆச்சு. கிளாஸ்ல எல்லாரும் நல்லாதான் பேசுறாங்க, ஆனா வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆனா ஆளாளுக்கு கிளம்பிடறாங்க. ரெண்டு நாளும் ரூம்லயே கெடக்குறேன். என்கிட்ட எதுனா தப்பா?

பதில்: உன்கிட்ட ஒரு தப்பும் இல்லம்மா. இங்க சனிக்கிழமை பிளான் சனிக்கிழமை போடறது இல்ல, புதன் வியாழன்லயே முடிவாயிடும், சில பேர் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே காலண்டர்ல எழுதிடுவாங்க. வெள்ளிக்கிழமை "நாளைக்கு ஃப்ரீயா?"ன்னு கேட்டா இல்லன்னுதான் வரும், அது உன்ன ஒதுக்குறது இல்ல, அவங்களுக்கு நிஜமாவே வேற வேலை இருக்கும். அதனால திங்கள் செவ்வாய்லயே கேட்டுடு, அதுவும் "ஒரு நாள் மீட் பண்ணலாம்"னு பொதுவா சொல்லாம "சனிக்கிழமை மூணு மணிக்கு எல்பே ஆத்தங்கரையில நடக்கலாமா"ன்னு நாள் நேரம் இடம் எல்லாம் சொல்லிக் கேளு.

இன்னொன்னு, வெல்கம் பார்ட்டில ஃப்ரெண்ட் கிடைப்பாங்கன்னு நானும் நம்பி முதல் மாசம் ஆறு பார்ட்டி போனேன். எல்லாத்துலயும் எந்த ஊரு, என்ன படிக்கிற, எப்ப திரும்பிப் போற, அதே மூணு கேள்விதான். எனக்கு ஆள் கிடைச்சது யூனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ்ல, செவ்வாய்க்கிழமை பேட்மின்டன். அதே பத்து மூஞ்சிய வாராவாரம் பாத்தேன், அஞ்சாவது வாரம் ஒரு பொண்ணு தானாவே "சனிக்கிழமை எங்க வீட்ல சமைக்கிறோம், வர்றியா"ன்னு கேட்டா. ஸ்போர்ட்ஸோ, கொயரோ, லாங்குவேஜ் டேண்டமோ (ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் அவங்கவங்க மொழிய சொல்லிக்குடுக்கறது), ஏதோ ஒண்ணுல வாராவாரம் போய் நில்லு, வீக்கெண்ட் அதுல இருந்துதான் வரும். ஸ்போர்ட்ஸ் கோர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன் திறந்த கொஞ்ச நேரத்துலயே நிறைஞ்சிடும், தேதி பாத்து வெச்சிக்கோ.

கேள்வி: டாய்ச்லாண்ட் டிக்கெட்ல ஐசிஇ போலாமா?

பதில்: போக முடியாது. டாய்ச்லாண்ட் டிக்கெட்ங்கறது ஜெர்மனி முழுக்க லோக்கல் வண்டிக்கான மாச பாஸ். ஐசிஇ, ஐசின்னா தூரம் போற வேக ட்ரெயின், அதுல ஐசிஇ கிடையவே கிடையாது, ஐசியும் ஒரு சில ரூட் தவிர கிடையாது. ரீஜனல் ட்ரெயின், எஸ்-பான் (ஊர சுத்தி ஓடற லோக்கல் ட்ரெயின்), ட்ராம், பஸ் மட்டும்தான்.

கேள்வி: பிளாக்ட் அக்கவுண்ட் பணம் இன்னும் வரல, என்ன பண்றது?

பதில்: விசாவுக்காக முன்னாடியே போட்டு வெச்சு மாசாமாசம் எடுக்கற பணம்தானே, இது என் ஏரியா இல்ல தம்பி. அக்கவுண்ட் கொடுத்தவங்களுக்கு இன்னிக்கே மெயில் போடுங்க, காலேஜ் இன்டர்நேஷனல் ஆபீஸ்லயும் நேர்ல போய் சொல்லுங்க.

கேள்வி: கிளாஸ்மேட் போர்ட் கேம் விளையாட வீட்டுக்கு கூப்பிட்டிருக்கான், ஏழு மணிக்கு. எத்தன மணிக்கு போகணும், என்ன எடுத்துட்டு போகணும்?

பதில்: ஏழுன்னா ஏழு. நான் மொத தடவ ஒரு வீட்டுக்கு ஏழே முக்காலுக்கு போனேன், வீட்ல கூப்பிட்டா கொஞ்சம் லேட்டா போறதுதான் மரியாதைன்னு பழகிட்டதால. கதவு திறந்தா ஆறு பேர் டேபிள சுத்தி உக்காந்திருக்காங்க, சூப் பானைக்கு மேல தட்டு மூடி அதுக்கு மேல ஒரு துண்டு சுத்தி வெச்சிருக்கு, ஒருத்தரும் ஒரு ஸ்பூன்கூட எடுக்கல. யாரும் ஒரு வார்த்த கோவமா சொல்லல, அந்த துண்டப் பாத்ததுதான் எனக்கு இன்னிக்கும் மறக்கல. ட்ராம் லேட்டுன்னா அப்பவே மெசேஜ் போட்டுடுங்க. "என்ன கொண்டு வரட்டும்"னு முன்னாடியே கேளுங்க, சாலட்னோ குடிக்க ஏதாவதுன்னோ சொல்வாங்க, அதையே கொண்டு போங்க. முடிஞ்சதும் பாத்திரம் எடுத்து வைக்க கூட நில்லுங்க. பத்து மணிக்கு மேல ராத்திரி அமைதி நேரம், சத்தத்த கொறைக்கணும்.

கேள்வி: ஐசிஇ ஒரே ஒரு ஸ்டேஷன் மட்டும்னா?

பதில்: ஒரு ஸ்டேஷனும் கிடையாது. டிக்கெட் இல்லாத கணக்குலதான் எழுதுவாங்க.

கேள்வி: நான் குடிக்க மாட்டேன். பாருக்கு கூப்பிட்டா போறதா வேணாமா?

பதில்: தாராளமா போங்க. ஆப்பிள் ஜூஸ்ல சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே எல்லா பார்லயும் இருக்கும். "நைன், டாங்க" (வேணாம், நன்றி)ன்னு ஒரு தடவ சொன்னா போதும், நான் பழகின வரைக்கும் யாரும் ஏன்னு கேட்டதில்ல. கிளாஸ் மோதும்போது கண்ணப் பாத்து மோதணும், அத கவனிப்பாங்க. அவங்கவங்க பில் அவங்கவங்க கட்டுவாங்க, அதுவும் சகஜம்.

கேள்வி: நீங்க சொல்றதெல்லாம் கேட்டா நம்ம ஆளுங்களோட சேரவே கூடாதுங்கற மாதிரி இருக்கு. நான் வந்து ஏழு வருஷம் ஆச்சு. டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும், அந்த மொத குளிர்காலத்துல என்ன காப்பாத்தினது நம்ம தமிழ் பசங்கதான், சும்மா பேசாதீங்க.

பதில்: அண்ணா, சேரக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா எக்ஸ்சேஞ்ச்ல வர்றவங்களுக்கு மொத்தமே இருபது, இருபத்தஞ்சு வீக்கெண்ட்தான். உங்களுக்கு ஏழு வருஷம் இருந்துச்சு, மெதுவா பழகலாம். மொத வாரமே வாட்ஸ்ஆப் குரூப்ல சேந்து எல்லா சனிக்கிழமையும் அதே எட்டு பேரோட அதே கிச்சன்ல உக்காந்துட்டு, ஒரு ஜெர்மன் வீட்டு உள்ளகூட போகாம திரும்பினவங்கள நான் பாத்திருக்கேன், ஏர்போர்ட்ல அழுதாங்க.

கேள்வி: அழுதது குளிர்ல தனியா இருந்தவங்களும்தான். காய்ச்சல்ல படுத்தா ரசம் வெச்சு கொண்டு வந்தது யாரு, பேட்மின்டன் டீமா?

பதில்: இல்லண்ணா, நம்ம பசங்கதான். எனக்கும் அப்படித்தான், அத மறுக்க மாட்டேன். நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் நீங்க சொல்றது சரி, அப்ப யாரும் தனியா இருக்காதீங்க. நான் கேக்குறது ரெண்டு நாள்ல ஒரு நாள். சனி வெளிய, ஞாயிறு நம்ம கிச்சன். அதுக்கும் காய் சனிக்கிழமையே வாங்கணும்.

கேள்வி: இவங்க ரெண்டு பேரும் சொல்றத கேட்டுட்டு நான் என் வீட்ல இருக்கற ஜெர்மன் பசங்களையே ஞாயிறு சமையலுக்கு கூப்பிடலாம்னு இருக்கேன், சரியா?

பதில்: இது எனக்கு தோணவே இல்லயே, ரொம்ப நல்ல யோசனை! காரத்த மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, சைவமான்னும் கேட்டுடுங்க.

கேள்வி: ட்ரெஸ்டன்ல இருந்து ஒரு நாள்ல எங்க போலாம்?

பதில்: எஸ்1ங்கற எஸ்-பான் பிடிச்சு ராதென்ங்கற ஊருக்குப் போங்க. ஸ்டேஷன்ல இருந்து ஆத்தத் தாண்ட ஒரு ஃபெர்ரி, என்ஜின் கிடையாது, கயித்துல கட்டி ஆத்து வேகத்துலயே அந்தப் பக்கம் போகும். அங்க இருந்து ஏறினா பாஸ்டைங்கற பாறைக் குன்று, அதுல 1851ல கட்டின கல் பாலம். காலைலயே போயிடுங்க, மதியம் ஒரே கூட்டம். செக் நாட்டுப் பக்கம் போறதா இருந்தா பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் கையில இருக்கணும்.

கேள்வி: ஞாயிறு எந்த கடை இருக்கும்?

பதில்: மேலேயே சொல்லிட்டேன். பெரிய ஸ்டேஷன் உள்ள இருக்கற கடை, காலைல சில பேக்கரி, அவ்ளோதான். காலி கண்ணாடி பாட்டில தெருவுல இருக்கற பாட்டில் தொட்டில போடறதும் ஞாயிறு கூடாது, சத்தம் வரும்.

கேள்வி: டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கு, ஐசிஇல சீட் காலியா இருந்தா...

பதில்: போகாதீங்க. இதுக்கு இனிமே பதில் சொல்ல மாட்டேன். அதுக்கு பதிலா உருப்படியா ஒண்ணு, அது மாசாமாசம் தானா ஓடற சந்தா, 2026 ஜனவரில இருந்து 63 யூரோ. ஊருக்கு கிளம்பற மாசம் பத்தாம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணலன்னா அடுத்த மாசமும் காசு போயிடும். செமஸ்டர் ஃபீஸ்லயே டிக்கெட் சேந்திருக்கான்னு மொதல்ல பாருங்க.

கேள்வி: அக்கா, மொத கேள்வி கேட்ட பொண்ணுதான். புதன்கிழமை வாலிபால் பாத்தேன், வெயிட்டிங் லிஸ்ட்னு காட்டுது. விட்டுடவா?

பதில்: விடாதம்மா, மொத கிளாஸுக்கே நேர்ல போ. ரிஜிஸ்டர் பண்ணிட்டு வராதவங்க எப்பவும் ரெண்டு மூணு பேர் இருப்பாங்க, ட்ரெயினர்கிட்ட கேட்டா பெரும்பாலும் சேத்துப்பாங்க. ரோட்டுல போட்ட ஷூவோட ஹால் உள்ள விட மாட்டாங்க, சுத்தமான இன்டோர் ஷூ தனியா எடுத்துட்டு போ.